ரீச்சரிடம் கேளுங்கள்: இந்த ஊரில் என்ன இருக்கிறது?

வைகாசிச் சடங்கு முடிந்த கையோடு இந்த மாதக் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊரில் இருப்பதைப் பற்றியும் கும்பிடுவதைப் பற்றியும்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் இடம் போதாது. முதல் கடிதத்துக்கு மட்டும் கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கிறேன். அதே மனநிலையில் நிறையப் பிள்ளைகள் இருப்பது எனக்குத் தெரியும்.

கேள்வி: பேராதனையில் படித்து முடித்து, இப்போது பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறேன். என்னோடு படித்தவர்கள் பாதிப் பேர் கொழும்பில், மற்றவர்கள் கனடாவில், ஒஸ்ரேலியாவில். வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை கிடைத்தது அதிர்ஷ்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் இரவு ஏழு மணிக்கே ஊர் அடங்கிவிடுகிறது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் "எப்ப கலியாணம்?" என்று நாலு பேராவது கேட்பார்கள். வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தபடி படுத்துவிடுகிறேன். சந்தோசப்பட இந்த ஊரில் என்ன இருக்கிறது ரீச்சர்?
— ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: மகள், அந்தக் கலியாணக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். அது தொல்லைதான். எல்லோரும் அன்பால்தான் கேட்கிறார்கள் என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். சிலர் அன்பால் கேட்கிறார்கள், சிலருக்குக் கதைக்க வேறொன்றும் இல்லை. "வரும்போது உங்களுக்குத்தான் மாமி முதல் வெற்றிலை" என்று சிரித்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அதற்காகக் கோயிலை விட்டுவிட வேண்டாம்.

மற்றதுதான் பெரிய கேள்வி. உங்கள் கடிதத்தில் நீங்கள் கந்தோருக்குப் போகிறீர்கள், வருகிறீர்கள். கோயிலுக்குப் போகிறீர்கள், வருகிறீர்கள். ஊருக்குள் உங்களுக்கென்று ஒரு வேலை அதில் எங்கேயும் இல்லை. சம்பள வேலையைச் சொல்லவில்லை. "அது அவள் பார்த்துக்கொள்வாள்" என்று நாலு பேர் நம்பி விட்டுவிடும் வேலையைச் சொல்கிறேன். கொழும்பில் காசு கொடுத்தால் படம் காட்டுவார்கள், நல்ல சாப்பாடு போடுவார்கள், கடற்கரையில் பாட்டும் இருக்கும். இங்கே நமக்கென்று யாரும் எதுவும் நடத்திக் காட்டப்போவதில்லை. பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு இந்த ஊர்கள் வெறும் றோட்டும் மதிலும்தான். ஏதாவது ஒன்றில் கையை வைத்துப் பாருங்கள், அப்புறம் கதை வேறு.

வைகாசியையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் மட்டக்களப்புப் பக்கத்துக் கண்ணகை அம்மன் கோயில்கள் பலவற்றில் சடங்குக் காலத்தில்தான் கதவு திறக்கும். திறந்த நாள் தொடக்கம், அம்மாளைக் குளிர வைக்கும் குளிர்த்திச் சடங்கு வரைக்கும் எத்தனை வேலை! பந்தல் போட வேண்டும், கல்யாணக்கால் நட வேண்டும், இரவிரவாகக் கண்ணகி வழக்குரை காவியம் படிப்பவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்க வேண்டும், பூ ஆய வேண்டும், பாத்திரம் விளக்க வேண்டும். இவ்வளவையும் செய்வதற்குக் கூலிக்கு ஆள் பிடிப்பதில்லை. அவரவர் வந்து செய்கிறார்கள்.

எங்கள் ஊரில் நெல்லுக் குற்றுகிற இடத்துக்கு ஒருநாள் உங்களைக் கூட்டிப்போக ஆசை. ஒரு உரலைச் சுற்றி மூன்று பேர் நிற்பார்கள். உலக்கைகள் மாறி மாறி விழும். நமது முறை எப்போது என்று கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் பிந்திவிடும். பக்கத்தில் நிற்பவள் மூச்சை விடும் சத்தத்தைக் கேட்டுத்தான் நாம் உலக்கையைத் தூக்க வேண்டும். போன வருடம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை புதிதாக வந்து சேர்ந்தாள். உலக்கையை இறுக்கிப் பிடித்ததில் அவள் முழங்கை முழுக்க நடுங்கியது. எதிரே நின்ற பெத்தா ஒருத்தி, "கைய இறுக்காத புள்ள, உலக்க தன்ட பாட்டுல விழும்" என்றா. சொன்னபடி கையைத் தளர்த்தியதும் மூன்று உலக்கைகளும் ஒரு தாளத்துக்கு வந்துவிட்டன. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். சுளகில் புடைத்த உமி தலைமயிரெல்லாம் ஒட்டியிருக்க, அடுத்த உரலுக்கு ஆள் வேண்டுமா என்று தானாகவே கேட்டாள். அவள் குற்றிய அரிசிதான் அம்மாளுக்குப் பொங்கலானது. அதற்குப் பிறகு அந்தக் கோயிலில் நிற்கும்போது அவளுக்குத் தான் வேற்று ஆள் என்ற நினைப்பே வராது.

குளிர்த்தியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் வழக்கமாகச் சாமியிடம் எதையாவது கேட்கத்தான் போகிறோம். சோதனையில் சித்தி வேண்டும், வருத்தம் மாற வேண்டும், விசா கிடைக்க வேண்டும். குளிர்த்தியில் அது தலைகீழ். மதுரையை எரித்த கோபத்தோடு வந்தவளை ஊர் கூடி நின்று குளிரப் பண்ணுகிறோம். அவளுடைய சூட்டை ஆற்றுவது அன்று நம் பொறுப்பு. வெளியே கச்சான் காற்று நெருப்பாக வீசுகிற காலம், அம்மாள் வருத்தம் என்கிற அம்மை நோயும் பரவுகிற காலம். அந்த நேரத்தில் இத்தனை சனம் நித்திரை முழித்து நின்று, "நீ குளிர், ஊரும் குளிரட்டும்" என்று பாடுகிறது. எனக்கு இதைவிடப் பெரிய பக்தி தெரியவில்லை. தெய்வத்துக்கும் நம்மால் ஆகவேண்டியது ஒன்று இருக்கிறது என்று நம்புகிற ஊரில் பிறந்திருக்கிறீர்கள் மகள். அந்த இடத்தில் சும்மா நின்றுவிட்டு வரலாமா?

கோயில் வேலையில் மனம் இல்லை என்றாலும் சரி. உங்கள் அம்மம்மாவின் வயதில் இருப்பவர்களிடம் இன்னும் கவி இருக்கிறது. வயலில் பாடியது, தாலாட்டியது, மச்சானை நக்கலடித்தது என்று எத்தனையோ வகை. பழைய கொப்பிகளில் காவியமும் கூத்துப் பாட்டும் எழுதி வைத்து, செல்லரித்துக் கிடக்கின்றன. உங்களுக்குக் கணினி தெரியும். படம் எடுத்துத் தட்டச்சுச் செய்யத் தொடங்கினால் உங்கள் ஏழு மணி ஒன்பதாகிவிடும். இல்லையென்றால் சனிக்கிழமைகளில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுங்கள். உங்கள் ஊரைவிட வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் அதற்குத் தேவை அதிகம். குருமண்வெளித் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறினால் மண்டூர் வந்துவிடும். பாதையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறபோது வாவிக் காற்று முகத்தில் அடிக்குமே, அதற்காகவே போகலாம்.

வெளியூர் போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளைப் பாருங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். அவர் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். 1947இல் காலமானபோது அந்த வளவில்தான் அவரை அடக்கம் செய்தார்கள். பெரிய இடங்களையெல்லாம் கண்ட மனிதருக்கும் இங்கே செய்ய வேலை இருந்தது. உங்களுக்கும் போக வாய்ப்பு வந்தால் போங்கள். அது வரும்வரைக்கும் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கேள்வி: பாண்டிருப்பில் ஒரு தமிழ் அம்மா எங்கள் உம்மாவுக்குச் சிறுவயதுக் கூட்டாளி. நோன்பு காலத்தில் எங்கள் வீட்டுக் கஞ்சி அங்கே போகும். சித்திரை வருடப்பிறப்புக்கு அங்கேயிருந்து பலகாரம் வரும். தொண்ணூறுகளின் பிரச்சினைகளோடு எல்லாம் நின்றுபோனது. உம்மாவுக்கு இப்போது எண்பது வயதாகிறது. வருகிற நோன்புக்குக் கஞ்சி அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறா. இத்தனை வருடம் கழித்து எந்த முகத்தோடு போய் நிற்பது? அவர்கள் வாங்குவார்களா?
— ஒரு வாசகி, மருதமுனை

பதில்: நோன்பு வரைக்கும் ஏன் காத்திருக்கிறீர்கள் தங்கச்சி? உம்மாவுக்கு எண்பது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மாவுக்கும் அவ்வளவு இருக்கும். இந்தக் கிழமையே ஓட்டோவில் உம்மாவை ஏற்றிக்கொண்டு போங்கள். மருதமுனைக்கும் பாண்டிருப்புக்கும் நடுவில் எல்லை எங்கே என்று புதிதாக வருகிறவருக்குத் தெரியாது. அத்தனை கிட்ட இருந்துகொண்டு இத்தனை வருடம் போய்விட்டது.

வாங்குவார்களா என்று நீங்கள் பயப்படுவது எனக்கு விளங்குகிறது. இரண்டு பக்கமும் செத்த வீடுகள் உண்டு. அதையெல்லாம் யாரும் மறந்துவிடவில்லை, மறக்கச் சொல்லவும் முடியாது. ஆனால் உம்மா ஊர்க் கணக்குத் தீர்க்கப் போகவில்லை. தன்னோடு புளியங்காய் பொறுக்கியவளைப் பார்க்கப் போகிறா. அதற்குரிய உரிமை அவர்கள் இரண்டு பேருக்கும் இருக்கிறது. வாசலில் நின்று உம்மாவே பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். நீங்கள் முன்னால் போய் விளக்கம் கொடுக்க வேண்டாம்.

சில நடைமுறைகள். செவ்வாய், வெள்ளி பெரும்பாலான சைவ வீடுகளில் மீன், இறைச்சி போன்ற மச்சம் இல்லை. அந்த நாளில் கஞ்சி கொண்டுபோனால் இறைச்சி போடாமல் தேங்காய்ப்பாலில் காய்ச்சிய கஞ்சியாக இருக்கட்டும். வட்டிலப்பத்தில் முட்டை இருப்பதால் அதை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். திரௌபதை அம்மன் தீமிதிப்புக் காலத்தில் பாண்டிருப்பே விரதத்தில் இருக்கும், அப்போது பழம் கொண்டுபோங்கள். உங்கள் ஊரில் நெய்த சேலை ஒன்றும் கொண்டுபோனால் அந்த அம்மாவுக்குப் பெரிய சந்தோசமாக இருக்கும். உங்கள் பாத்திரத்தை அவர்கள் வெறுமையாகத் திருப்பித்தர மாட்டார்கள். ஒரு கை அரிசியாவது சீனியாவது போட்டுத்தான் தருவார்கள். அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்த தடவை நீங்கள் போவதற்கு அதுதான் அழைப்பு.

அந்த அம்மா இப்போது இல்லை என்று தெரிந்தால், மகளிடமோ பேரப்பிள்ளையிடமோ கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்து கதைத்துவிட்டு வாருங்கள். உம்மாவை அப்போதும் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

கேள்வி: சுவிஸில் இருந்து வரும் அண்ணனின் பிள்ளைகளுக்கு மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவதைக் கேட்க வைக்க வேண்டும். எங்கே, எப்போது போவது?
— ஒரு வாசகர், கோட்டைமுனை

பதில்: சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடைப்பட்ட, மழையில்லாத காலத்தில் வரச் சொல்லுங்கள். பூரணையை ஒட்டிய இரவு, கல்லடிப் பாலத்தடி. அங்குள்ள பழைய பாலம்தான் நமக்கு அடையாளம். பக்கத்தில் 2013இல் திறந்த புதிய பாலத்தில் வாகனச் சத்தம் ஓயாது. அதனால் அது அடங்கிய பிறகு, பழக்கமான தோணிக்காரர் ஒருவரைப் பிடித்து வாவிக்குள் போங்கள். தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் இறக்கி, மறுமுனையைக் காதோடு வைத்துக் கேட்க வேண்டும். தந்தியை மீட்டியது மாதிரி ஒரு சத்தம் வரும். பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை போட மறக்க வேண்டாம். அவர்களுடைய போன்களைக் கரையிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். முதல் இரவு கேட்கவில்லை என்றால் அடுத்த இரவும் போங்கள், லீவில்தானே வருகிறார்கள்.

கேள்வி: சுனாமியில் என் இரண்டு தங்கைமாரையும் இழந்தேன். அன்றைக்குப் பூரணை, அம்மா விரதம் இருந்தா. அதற்குப் பிறகு எனக்குக் கும்பிட மனம் வருவதில்லை. அம்மா இன்றைக்கும் ஒவ்வொரு பின்னேரமும் விளக்கு வைக்கிறா. அதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வந்து சத்தம் போட்டுவிடுகிறேன். பிறகு மனவருத்தம். நான் என்ன செய்ய?
— ஒரு வாசகர், திருக்கோவில்

பதில்: தம்பி, ஏன் நடந்தது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. தங்களிடம் பதில் இருக்கிறது என்று சொல்கிறவர்களின் பேச்சு எனக்கும் பொறுக்காது. கர்மம் என்பார்கள், சோதனை என்பார்கள், ஊர் செய்த பாவம் என்பார்கள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த வீட்டு முற்றத்தில் நின்று வாயில் எடுக்கக்கூடாத சொற்கள் இவை. சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலுக்கு அடியில் நிலம் அசைந்தது, அந்த அலை நம் கரைக்கு வந்தது. உங்கள் தங்கைமார் ஒரு பிழைக்கும் தண்டனை அனுபவிக்கவில்லை. அம்மாவின் விரதத்தில் குறையும் இல்லை. யாராவது உங்களிடம் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அதை மனத்தில் இருந்து எடுத்துவிடுங்கள்.

நீங்கள் கும்பிட வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். வராத மனத்தை இழுத்து வந்து சாமிக்கு முன்னால் நிறுத்தி என்ன ஆகப்போகிறது? ஆனால் அம்மாவின் விளக்கை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சூரியன் சாயும் நேரத்தில் அந்தப் பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட்டுக் கைகால் கழுவச் சொன்னவ அவ. அந்த நேரம் தினமும் வந்துகொண்டே இருக்கிறது, கூப்பிடப் பிள்ளைகள் இல்லை. அந்த நேரத்தைக் கடக்க அவவுக்குக் கையில் ஒரு வேலை வேண்டும். திரியைத் திரிக்கிறா, எண்ணெய் ஊற்றுகிறா, நெருப்புக் குச்சியைத் தட்டுகிறா. சாமி அதை ஏற்றுக்கொள்கிறாரா என்ற விவாதத்தை நீங்களும் நானும் வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தேங்காயெண்ணெய் முடிந்துபோகும்போது நீங்களே வாங்கி வந்து வையுங்கள். அம்மாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தால் குச்சியை நீங்கள் பற்றவைத்துக் கொடுங்கள். அதற்கு நம்பிக்கை தேவையில்லை, பக்கத்தில் நிற்க ஒரு மகன் இருந்தால் போதும். இன்னொன்று. தங்கைமாரின் பெயரைச் சொல்லி நீங்கள் இரண்டு பேரும் கடைசியாக எப்போது கதைத்தீர்கள்? நிறைய வீடுகளில் செத்தவர்களின் பெயரைச் சொல்லாமலே வருடங்கள் போய்விட்டன. மூத்தவளுக்கு என்ன கறி பிடிக்கும், இளையவள் எதற்குச் சண்டை பிடிப்பாள் என்று ஒருநாள் நீங்களே பேச்சை எடுத்துப் பாருங்கள். அம்மா அழுவா. நீங்களும் அழுவீர்கள். அழட்டும். எனக்கு மறுபடி எழுதுங்கள் தம்பி, இதழில் போட மாட்டேன்.

கேள்வி: அறுபத்தாறு வயதில் அம்மா கதிர்காமத்துக்குக் காட்டுப் பாதையால் நடந்து போகப்போகிறேன் என்று நிற்கிறா. அப்பா வருத்தமாக இருந்தபோது வைத்த நேர்த்தியாம். பஸ்ஸில் கூட்டிப்போகிறேன் என்றால் கோபிக்கிறா. நானும் அக்காவும் மறிக்கிறோம். நீங்கள் ஒரு சொல் சொன்னால் கேட்பா.
— ஒரு வாசகர், ஆலையடிவேம்பு

பதில்: நான் சொன்னால் போகச் சொல்லித்தான் சொல்வேன், மன்னிக்க வேண்டும். ஆனால் உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. அதனால் முதலில் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். இரத்த அழுத்தமும் சீனியும் பார்க்க வேண்டும். சீனி வருத்தம் இருந்தால் காலில் சின்னக் கொப்புளம்கூடப் புண்ணாகிவிடும், அதை வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். அவர் கட்டாயம் வேண்டாம் என்றால் உகந்தை வரைக்கும் நடக்கட்டும். பொத்துவில், பாணமை, உகந்தை என்று அந்தப் பாதை ஒன்றும் சின்னதில்லை. கடலோரத்தில் மலையடியில் இருக்கும் உகந்தை முருகனிடம் நேர்த்தியைச் சொல்லிவிட்டு, மிச்சத்துக்கு பஸ் எடுக்கலாம். அதைக் குறை என்று முருகன் சொல்லப்போவதில்லை.

வைத்தியர் சரி என்றால் மறிக்காதீர்கள். நடந்து போகிறவர்கள் தனியாகப் போவதில்லை. கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். ஒருவரை ஒருவர் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எந்த ஊர், என்ன சாதி, என்ன உத்தியோகம் என்று அங்கே கேள்வி இல்லை. உகந்தைக்கு அப்பால் குமண, கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு என்று காடுதான். யானையும் கரடியும் உள்ள காடு. காட்டுப் பாதை ஒவ்வொரு வருடமும் குறிப்பிட்ட நாட்களுக்குத்தான் திறக்கும், அறிவித்தலைப் பார்த்துக்கொண்டு புறப்பட வேண்டும். முன்பு போய்வந்த கூட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். முன்னால் ஓடவும் கூடாது, பின்னால் தங்கவும் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்குங்கள்.

கொண்டுபோவதைக் குறையுங்கள். அரிசி, பருப்பு, உப்பு, வறுத்த அரிசிமாவும் சீனியும், கொத்தமல்லி, மருந்துகள், சித்தாலேப தைலம் ஒன்று, தண்ணீர்க் கான். தண்ணீரில்தான் கஞ்சத்தனம் வேண்டாம். மாற்றுச் சேலை ஒன்று போதும், இரண்டு கொண்டுபோனால் ஒன்றைக் காட்டில் யாருக்காவது கொடுத்துவிட்டுத்தான் வருவா.

இப்போதிருந்தே விடியற்காலையில் நடக்கப் பழகச் சொல்லுங்கள். முதலில் அக்கரைப்பற்றுச் சந்தி வரைக்கும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தம்பிலுவில் வரைக்கும். அந்த நடைக்கு நீங்களும் கூடப் போங்கள். அம்மாவுக்கு எவ்வளவு முடியும் என்று உங்கள் கண்ணாலேயே தெரிந்துவிடும். ஆடி மாதத்துக்கு உங்களுக்கு லீவு கிடைக்குமா என்றும் இப்போதே கந்தோரில் கேட்டு வையுங்கள்.